எல்லாரும் சொல்லுவினம்

அவரை நாங்கள் ஜேர்மன் அண்ணை என்று அழைத்தோம். ஒஸ்லோவுக்கு வருவதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் ஜேர்மனியில் அகதியாக இருந்தவர் என்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் தொடர்மாடியின் பதினோராம் மாடியில் அவர் தனியாக இருந்தார். நாங்கள் ஒன்பதாம் மாடி. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பகல் வேலை அவருக்கு. மெலிந்த, சுத்தமான மனிதர். சட்டைக் கையை ஒருநாளும் மடித்துவிடமாட்டார். குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை.

எங்களில் யாராவது ஒரு கேள்வி கேட்டு, பதில் வரப் பிந்தினால், நாங்களே எதையாவது சொல்லி அந்த இடைவெளியை மூடிவிடுவோம். அவர் மூடமாட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சற்றுச் சரித்து, இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். கோபமாகப் பார்த்தால் நாமும் கோபித்துக்கொண்டு போய்விடலாம். அந்த இரக்கத்துக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் அகப்பட்டவர் என் கணவர். வேலை போய் மூன்று கிழமை ஆகியும் எனக்குச் சொல்லாமல், தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு நூலகத்தில் போய் இருந்திருக்கிறார். ஒருநாள் அம்மருட் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது அண்ணை பக்கத்தில் வந்து, வேலை எப்படிப் போகுது தம்பி என்று கேட்டிருக்கிறார். நல்லாப் போகுது என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணை ஒரு சொல்லும் கேட்கவில்லை. ரயில் தொய்யன் நிலையத்துக்கு வருவதற்குள் இவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். கேளாததையும் சொன்னார், ஒரு காலத்தில் சாவகச்சேரியில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு உட்பட.

அன்று பின்னேரம் அண்ணை இவரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முன்னால் இருத்தி, "சொல்லும் தம்பி" என்றார். இவர் அழுதழுது சொன்னார். நான் வைத்த தேத்தண்ணியை அண்ணை ஆறுதலாகக் குடித்தார். இவர் விம்மிய ஒரு இடத்தில் அண்ணை கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்தார். அந்தக் கையை நான் கவனித்தேன். ஆனாலும் வாசல்வரை போய் அவருக்கு நன்றி சொன்னேன்.

"எல்லாரும் சொல்லுவினம் பிள்ளை" என்றார். "ஆளாளுக்கு எடுக்கிற நேரம்தான் வேறை."

இந்த வசனத்தை அவர் பம்பேர்க் நகரத்தில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஜேர்மனியில் அவரை வைத்திருந்த ஊர் அது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத வருடங்களில் வேலை செய்ய அனுமதியில்லை, ஊரைவிட்டு வெளியே போகவும் அனுமதியில்லை. குளிர் தாங்காமல் நூலகத்துக்குப் போய் இருந்தவர் அங்கேயே ஜேர்மன் மொழியைப் படித்து, பிறகு அந்த ஊரின் சரித்திரத்தைப் படித்தார். நாங்கள் கோயில் கதை, சினிமாக் கதை கதைப்பதுபோல அவர் பம்பேர்க் கதை கதைப்பார். எங்கள் தமிழ் மன்றத்தின் ஒன்றுகூடலில், பிறந்தநாள் வீட்டில், சலவை அறையில் துணி காயும் வரைக்கும்.

அந்த ஊரில் ஆயரே அரசன். மேலே பேரரசர் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் தூரத்தில். படை, சிறை, நீதிமன்றம் எல்லாம் ஆயரின் கையில். "ஞாயிற்றுக்கிழமை அப்பம் குடுத்த கை, திங்கட்கிழமை சாவோலையிலை ஒப்பம் வைச்சது" என்பார் அண்ணை. நானூறு வருடத்துக்கு முன் ஒரு வைகாசியில் கடும் பனி விழுந்து திராட்சைக் கொடிகள் கருகிப்போயின. யாரோ சூனியம் செய்துவிட்டார்கள் என்றார்கள். பிடித்து வந்தவர்களை அடைக்க ஆயர் புதிதாக ஒரு வீடே கட்டினார். உள்ளே ஒரு சிற்றாலயம், சுவரில் வேதவசனம். கொஞ்சம் பொறுத்து நடப்போம் என்று சொன்ன முதன்மை அமைச்சரையும், அவருடைய மனைவியையும், மகளையும் எரித்தார்கள். அதற்குப் பிறகு பொறுத்து நடப்போம் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

அண்ணைக்கு அதில் பிடித்த பகுதி நகரபிதாவின் கதை. அந்த மனிதரையும் பிடித்துக் கைகளை நசுக்கினார்கள். தண்டனை செய்கிறவனே மனம் பொறுக்காமல், ஐயா, உண்மையோ பொய்யோ ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினானாம். அவர் சொன்னார். அது போதவில்லை. கூட இருந்தவர்களின் பெயர் வேண்டும் என்றார்கள். தெரியாது என்றதும், ஒவ்வொரு தெருவாக அவரை மனதால் நடத்திக்கொண்டு போனார்கள். இந்தத் தெருவில் யார்? அடுத்த தெருவில் யார்? தெருவுக்குத் தெரு அவர் பெயர் கொடுத்தார். பிறகு, சிதைந்த விரல்களால் தன் மகளுக்கு ஒளித்து ஒரு கடிதம் எழுதினார்: எல்லாம் பொய், நான் குற்றமில்லாமல் சாகிறேன். அந்தக் கடிதம் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது.

நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அண்ணை ஒருமுறையாவது ஆயரைத் திட்டியதில்லை. எரிந்தவர்களுக்காக இரங்கியதும் இல்லை. எத்தனையாம் நாள் சொன்னார்கள், அதற்கு முன் என்ன கேட்டார்கள், யார் எழுதினார்கள் என்பவை மட்டும்தான் அவருக்குக் கணக்கு. எழுதினவர்கள் மிகவும் கவனமாக எழுதினார்கள் என்பார். கைதி மயங்கியதைக்கூட எழுதி வைத்திருக்கிறார்களாம்.

ஒரு கோடையில் நாங்கள் ஏழு பேர் வாடகை வானில் ஜேர்மனியில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, எங்களைப் பம்பேர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் பேராலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். அவர் எங்களைத் தெருத்தெருவாக நடத்தினார். ஐஸ்கிறீம் கடை ஒன்றின் வாசலில் நிறுத்தி, நகரபிதா கடைசியாகப் பெயர் கொடுத்த தெரு இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்றார்.

எங்களோடு வந்தவர்களில் பவானி என்று ஒருத்தி. ஐந்தாம் மாடிக்காரி, பல் வைத்தியர் ஒருவரின் இடத்தில் துப்புரவு வேலை. கணவர் பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இல்லை. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அவள்தான் தூக்கித் திரிவாள். அவள் ஐஸ்கிறீமைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஒருத்தர்கூடச் சொல்லாமல் இருக்கேல்லையோ அண்ணை?" என்று கேட்டாள்.

"இருந்தவையெண்டு சில புத்தகத்திலை எழுதியிருக்கு" என்றார். முகம் இறுகிப்போயிருந்தது. அப்படி அவரை நான் கண்டதில்லை.

"நானெண்டால் செத்தாலும் மற்றாளின்ரை பேரைச் சொல்லியிருக்க மாட்டன்" என்றாள் பவானி.

வானுக்குத் திரும்பும் வழி முழுக்க அண்ணை அவளைப் பற்றியே என்னிடம் விசாரித்தார்: எங்கே பிறந்தவள், தகப்பன் என்ன தொழில், எத்தனை சகோதரம்.

அடுத்த மாரிக் குளிரில் இது நடந்தது.

நான் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக வேலை செய்கிறேன். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த மன்றத் தலைவரின் மகள், நான்கு வயதுப் பிள்ளை, என் பிரிவில்தான் இருந்தாள். ஒருநாள் நனைந்த மேலுடுப்பைக் கழற்றும்போது முழங்கைக்கு மேலே ஒரு சூட்டுக் காயம் கண்டேன். நீளமாக, கரண்டிக் காம்பின் அளவில். பழைய தழும்பு ஒன்றும் பக்கத்தில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். அம்மா, சோறு, என்று இரண்டு சொல் சொன்னாள். நான் என் பொறுப்பாளரிடம் சொன்னேன். என் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் சட்டப்படி பிள்ளைகள் நல அலுவலகத்துக்கு எழுதினார். அதை நாங்கள் பார்னவேர்ன் என்று நோர்வேஜியச் சொல்லிலேயே சொல்வோம். சொல்லும்போதே குரல் இறங்கும்.

அவர்கள் இரண்டு முறை வந்து கதைத்தார்கள். தாய்க்குச் சில மாதம் ஒரு வகுப்பு. பிள்ளையைத் தாய்தகப்பனிடமிருந்து எடுக்கவில்லை. அவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். அலுவல் அவ்வளவோடு முடிந்தது. கட்டடத்துக்குத்தான் முடியவில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தை வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுத்தது யார் என்று தலைவர் கேட்டார். பிறகு எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். சனங்களோடு நின்று, ஆராயிருக்கும், ஆராயிருக்கும் என்று நானும் கேட்டேன்.

பவானி அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள். பிள்ளையில்லாதவளின் எரிச்சல் என்று முதலில் ஒருத்தி சொன்னாள். இரண்டு கிழமையில் அது எல்லாருக்கும் தெரிந்த விசயமாகிவிட்டது. தலைவர் ஜேர்மன் அண்ணையிடம் போனார். அண்ணை ஓமென்றார். சனிக்கிழமை மதியம், கட்டடத்தின் பொது அறையில் வைத்து ஆறுதலாகக் கதைப்போம் என்றார். மன்றத்தின் செயலாளர் நான், அதனால் அதுவரை ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. என்னைக் குறிப்பெழுதக் கூப்பிட்டார்.

போகாமல் விட்டிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்துப் போனேன்.

அறையில் ஆறு பேர். தலைவர், அவர் மனைவி, மன்றத்து ஆண்கள் இரண்டு பேர், அண்ணை, நான். பவானி ஏழாவதாக வந்தாள். கணவரை வர வேண்டாம் என்று அண்ணை முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவளுக்கு அவரே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சீனி எவ்வளவு என்று கேட்டுப் போட்டார்.

"தங்கச்சி, ஒருத்தரும் உம்மைக் குற்றம் சொல்லேல்லை. நடந்ததைத் தெரிஞ்சால் மனம் ஆறும். அவ்வளவுதான்" என்றார்.

பிள்ளையின் கையில் காயத்தைக் கண்டாளா என்று கேட்டார். கண்டாள் என்றாள், குளிக்க வார்க்கிறவள், காணாமல் எப்படி? யாருக்குச் சொன்னாள்? ஒருத்தருக்கும் இல்லை. ஒருத்தருக்குமோ என்று கேட்டுவிட்டு அண்ணை தலையைச் சரித்தார். கணவருக்குச் சொன்னேன் என்றாள். அதை எழுதச் சொல்லி அண்ணை என்னைப் பார்த்தார். ஒருத்தருக்கும் இல்லை என்று முதல் சொன்னனீர், இப்ப ஒராளுக்குச் சொன்னதெண்டு சொல்லுறீர், பிழையில்லை, மறந்திருப்பீர், வேறை ஆரை மறந்தீர் என்றார்.

இரண்டு மணித்தியாலம் இப்படிப் போனது. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பாளா? கதைப்பாள். இந்தப் பிள்ளையைப் பற்றி? ஒருக்கால் கதைத்திருக்கலாம். காயத்தைப் பற்றி? இல்லை. இல்லையென்று நிச்சயமோ? நினைவில்லை. நினைவில்லாவிட்டால் கதைத்திருக்கவும் கூடுமல்லவா? கூடும். அங்கே இருக்கிற நோர்வேக்காரி அதைக் கேட்டு எழுதியிருக்கவும் கூடுமல்லவா? பவானி கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். தலைவரின் மனைவி அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அழுதாள். பிள்ளைக்குச் சூடு வைத்த கரண்டியைப் பிடித்த கை அந்தத் தாயுடையதுதான். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"ஓம்" என்றாள் பவானி. "நான்தான் சொல்லியிருப்பன். என்னாலைதான் வந்திருக்கும்."

நான் அதை எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. என் வாயில் ஒரு சொல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

தலைவர் எழும்பப் பார்த்தார். அவருக்கு அது போதும். அண்ணை கையைக் காட்டி இருத்தினார்.

"தனிய நீர் இதைச் செய்திருக்க மாட்டீர் தங்கச்சி. உம்மடை குணம் எனக்குத் தெரியும். ஆரோ சொல்லித் தந்திருக்கினம். முதலாம் மாடியிலையிருந்து வருவம். அங்கை ஆரோடை பழக்கம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பவானிக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவள் அந்த ஐஸ்கிறீம் கடை வாசலில் நின்றவள்தானே. அவரை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை அண்ணை, வேண்டாம் என்றாள். அவர் இரக்கத்தோடு காத்திருந்தார். முதலாம் மாடி. இரண்டாம் மாடி. நாலு, ஆறு. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். தேத்தண்ணி ஆறிவிட்டதென்று அதை எடுத்து ஊற்றிவிட்டு வேறு கொடுத்தார்.

ஏழாம் மாடியில் அவள் சொன்னாள். "றஞ்சினி."

றஞ்சினி அவளுடைய ஒரே சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே அகதி முகாமில் இருந்து வந்தவர்கள், ஒரே நிறத்தில் மாரிச் சப்பாத்து வாங்குகிறவர்கள்.

"எழுதிப்போட்டீரோ?" என்று அண்ணை என்னிடம் கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். பவானி கையொப்பம் வைத்தாள். நான் இருக்கிற ஒன்பதாம் மாடிக்கு அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். றஞ்சினியின் மகளை ஆண்டுவிழா நடனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டு விசேசங்களுக்கு அவர்களுக்குச் சொல்வதில்லை. லிப்டில் அவர்கள் ஏறினால் மற்றவர்கள் அடுத்த முறைக்கு நிற்பார்கள். றஞ்சினி பவானியோடு ஒரேயொரு தடவைதான் பேசினாளாம், சலவை அறையில் வைத்து: என்ரை பேர் எப்பிடியடி உன்ரை வாயிலை வந்தது? பவானி நனைந்த துணிகளை அப்படியே விட்டுவிட்டு மேலே போனாள். கோடைக்கு முன் புருசனும் பெண்சாதியும் நோர்வேயின் வடகோடியில் இருக்கிற ஹம்மர்பெஸ்ட்டுக்கு மாறிப் போனார்கள். அவருக்கு அங்கே பஸ், அவளுக்கு மீன் ஆலை. வழியனுப்ப ஒருவரும் கீழே வரவில்லை. நான் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினோராம் மாடிக்கு ஏறிப் போனேன். பாலர் பள்ளியில் சொன்னது நான்தான் என்று அண்ணையிடம் சொன்னேன். வாசலிலேயே நின்று சொன்னேன், இருக்கவில்லை.

"தெரியும்" என்றார். "பிள்ளையின்ரை காயத்தைப் பகலிலை காணக்கூடிய ஆக்கள் எத்தினை பேர்?"

"தெரிஞ்சுகொண்டோ அவளைக் கேட்டனீங்கள்?"

"உம்மைக் கேட்டிருந்தால் நீர் சொல்லியிருப்பீர். அஞ்சு நிமிசம்கூட எடுத்திருக்காது." என்னை உள்ளே வரச் சொன்னார். மேசையில் ஒரு கிண்ணத்தில் தோடம்பழங்கள் இருந்தன. யன்னலுக்கு வெளியே குறோருட் பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். "அவ சொல்ல மாட்டன் எண்டு சொன்னவ. அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு."

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"பத்தொன்பது வயதிலை, ஊரிலை, விசாரணைக்கெண்டு என்னை ஆமி முகாமுக்குக் கொண்டுபோனாங்கள். அடிப்பாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனனான். பல்லைக் கடிச்சு வைச்சிருந்தனான். அடிக்கேல்லை, பிள்ளை. ஒரு கதிரையிலை இருத்தி, சீனி எவ்வளவு எண்டு கேட்டுத் தேத்தண்ணி தந்தாங்கள். என்னோடை படிச்ச பெடியன் ஒருத்தன்ரை பேரைச் சொன்னன். ஒண்டும் செய்யாதவன். முதல் நாளே சொன்னன். பின்னேரத்துக்குள்ளை விட்டிட்டாங்கள். அவன் பிறகு வரேல்லை. அடிச்சிருந்தால் எனக்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும்."

பம்பேர்க் நூலகத்தில் அந்த ஆயரின் கதையை முதல் தடவை வாசித்தபோது, பல வருடத்துக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டதாகச் சொன்னார். அத்தனை பெரிய மனிதர்களும் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் சொல்லுவினம் என்றால் தானும் எல்லாரிலும் ஒருவன். சொல்லாமல் இருந்த ஒருத்தி உலகத்தில் இருக்கக் கூடாது.

"அவ சொல்லாமல் இருந்திருந்தால்?" என்றேன்.

அவர் காத்திருக்கத் தெரிந்த மனிதர். இந்த முறை பதிலுக்காக நான் காத்திருந்தேன். அவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார்.

ஆனி மாதத்தில் லீவு எடுத்துக்கொண்டு ஹம்மர்பெஸ்ட்டுக்குப் போனேன். இரண்டு விமானம் மாற வேண்டும். சூரியன் மறையாத நாட்கள். தெருவில் மான்கள் சனங்களைப் போல நடந்து திரிந்தன. பவானியின் வீடு துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில். கணவர் வேலைக்குப் போயிருந்தார். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அக்கா, ஒஸ்லோவிலையிருந்து முதல் வந்தது நீங்கள்தான் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சோறு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. முதல் பிடி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அவள் அகப்பையை வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். நான் அதற்குத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

"இதை ஏன் எனக்குச் சொல்லுறியள், அக்கா?" என்றாள். "றஞ்சினிதான் எங்கையாவது சொல்லியிருப்பாள் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். கொஞ்சம் கொஞ்சமா நம்பிக்கொண்டு வந்தனான். அவள் அப்பிடிக் கதைச்ச ஒரு நாள்கூட எனக்கு நினைவு வந்திட்டுது. என்ன சீலை உடுத்திருந்தவள் எண்டுகூட. அவள் செய்தவள் எண்டால் நான் சொன்னது பொய்யில்லையே." என் சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தாள். "இப்ப அதையும் எடுத்துப்போட்டியள்."

சோறு ஆறுது, சாப்பிடுங்கோ என்றாள். நான் சாப்பிட்டேன். அவள் மூன்று தரம் குழம்பு விட்டாள். வாசலில் வைத்து, இனி வராதேங்கோ அக்கா என்றாள், மரியாதையாக.

திரும்பி வந்த கிழமையே றஞ்சினியிடம் போனேன். கதவைப் பாதி திறந்தபடி முழுவதையும் கேட்டாள். "அப்ப அண்டைக்கு என்ரை பேரை எப்பிடி எழுதினனீங்கள்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். தலைவரிடமும் போனேன். அவர் சிரித்தார். பவானியில் இரக்கப்பட்டு நான் பழியை என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்றார். அவளே ஒப்புக்கொண்டு கையொப்பம் வைத்த கடதாசி மன்றத்தில் இருக்கிறது, நீங்கள்தானே எழுதினீர்கள் என்றார். வேலையிடத்தில் போய்க் கேளுங்கள் என்றேன். முடிந்த கதையை ஏன் கிண்டுவான் என்றார். நான் சொன்னதை இன்றுவரை எங்கள் கட்டடத்தில் றஞ்சினியைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. என்னைக் கண்டால் இன்னும் கதிரை தருகிறார்கள்.

ஜேர்மன் அண்ணைக்கு மூன்று வருடத்துக்குப் பிறகு கணையத்தில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமைகளில் அவரைப் பார்க்க ஆட்கள் அதிகம் வரவில்லை. அவரிடம் எதையாவது சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் எல்லாரும். அவர் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு விருப்பமில்லை. நான் கஞ்சி கொண்டு போனேன். பகல் இரண்டு மணி. பக்கத்துக் கட்டில் காலி. தாதி தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

கஞ்சியைத் தொடவில்லை. முகம் பாதியாகிவிட்டது. கண் மட்டும் அதே கண்.

"ஹம்மர்பெஸ்ட்டுக்குப் போனதெண்டு கேள்விப்பட்டனான்" என்றார். "நான் செய்ததையும் அவவுக்குச் சொன்னனீரோ? உண்மை தெரிஞ்சுகொண்டே கேட்டனான் எண்டு?"

"சொன்னன்" என்றேன். அது பொய். அவரைப் பற்றி அங்கே நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"என்ன சொன்னவ?"

தலையைச் சரித்தார். ஆனால் இந்தத் தடவை அதில் இரக்கம் இல்லை, பதிலை இரந்துகொண்டு கிடந்தார். மன்னித்தாள் என்று ஒரு சொல் சொன்னால் அவர் கண்ணை மூடியிருப்பார். சபித்தாள் என்று சொல்லியிருந்தாலும் அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும். இரண்டும் என் வாயில் இருந்தன. ஆரும் சொல்லாமல் இருக்க ஏலாது என்று வாழ்ந்த மனிதர் எனக்கு முன்னால் கிடந்தார். எனக்கு அவரை நோகப்பண்ண வேண்டும் என்றிருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நான் கிண்ணத்தை மூடிப் பையில் வைத்தேன். மேலுடுப்பைப் போட்டு ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை" என்றார்.

குனிந்து அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன். நாலாம் நாள் அவருடைய சாவுச் செய்தி வந்தது. இடையில் மூன்று நாளும் எனக்கு வேலை இல்லை. நான் போகவில்லை.